வைடால் பாசிட்டிவ், மூன்று நாள் ஊசி போட்டும் காய்ச்சல் இறங்கவில்லை

அக்டோபர் 9, மாலை 6.15 (கேள்வி)

ஒரத்தநாடு பக்கம் கிளினிக் ஆரம்பித்து எட்டு மாதம் ஆகிறது. 38 வயது ஆள், விவசாயக் கூலி. ஆறு நாளாகக் காய்ச்சல், தலைவலி, உடம்புவலி, லேசான இருமல். மூன்றாம் நாள் எடுத்த வைடால் (டைபாய்டுக்கான ரத்த டெஸ்ட்) ஓ 1:160, பாசிட்டிவ். டைபாய்டு என்று முடிவு செய்து செஃப்ட்ரையாக்சோன் இரண்டு வேளை போட்டு இன்றோடு மூன்று நாள். காய்ச்சல் 103-ஐ விட்டு இறங்கவில்லை. தட்டணுக்கள் 92,000. இன்று எடுத்த டெங்கு என்.எஸ்.1 நெகட்டிவ். டோஸைக் கூட்டலாமா, மருந்தை மாற்றலாமா? போன மாதம்தான் காய்ச்சல் பற்றிய ஒரு கருத்தரங்கில் முழுநாள் உட்கார்ந்திருந்தேன். தொடர் கல்விப் புள்ளி கிடைத்தது. இந்த ஆளுக்கு என்ன செய்வதென்பது அங்கே கிடைக்கவில்லை. மூத்தவர்கள் சொல்லுங்கள்.

அக்டோபர் 9, இரவு 9.40 (பதில்)

டோஸைக் கூட்ட வேண்டாம். ஆளைத் திரும்ப வரச்சொல்லி, சட்டை, வேட்டி, உள்ளாடை எல்லாம் எடுத்துவிட்டு உடம்பைப் பாருங்கள். அக்குள், இடுப்பு, தொடையிடுக்கு, விதைப்பை, புட்டத்து மடிப்பு, காதின் பின்பக்கம், தலைமுடிக்குள். சிகரெட் சுட்டது போல ஒரு கறுப்புப் பொருக்கு, சுற்றிச் சிவந்த வளையம். வலிக்காது, அரிக்காது. அதனால் நோயாளிக்கே தெரியாது. கிடைத்தால் அது உண்ணிக் காய்ச்சல், அதாவது ஸ்க்ரப் டைஃபஸ். பக்கத்திலேயே நெறி கட்டியிருக்கும், அதையும் தடவிப் பாருங்கள்.

ஒரே ஒரு வைடாலை வைத்து டைபாய்டு என்று சொல்லாதீர்கள். நம் ஊரில் எப்போதோ வந்துபோன டைபாய்டு, போட்ட தடுப்பூசி, வேறு ஏதோ காய்ச்சல், எல்லாமே அந்த எண்ணை ஏற்றிக்காட்டும். முதல் வாரத்தில் ரத்தக் கல்ச்சர்தான் பேசும், அதுவும் ஊசி போடுவதற்கு முன் எடுத்தால். என்.எஸ்.1 ஐந்து நாளைக்குள் எடுத்தால்தான் மதிப்பு. ஆறாம் நாள் நெகட்டிவ் வந்ததை வைத்து டெங்கு இல்லை என்று சொல்லிவிட முடியாது. தட்டணு குறைவதும் டெங்குவுக்கு மட்டும் சொந்தமில்லை. உண்ணிக் காய்ச்சலிலும் எலிக்காய்ச்சலிலும் அதேபோல் குறையும்.

செஃப்ட்ரையாக்சோன் மூன்று நாளில் கேட்கவில்லை என்பதே இது டைபாய்டு இல்லை என்று காட்டுகிறது. உண்ணிக் காய்ச்சலின் கிருமி செல்லுக்குள்ளே குடியிருப்பது. பென்சிலின் குடும்பமோ செஃப்ட்ரையாக்சோனோ அதைத் தொடாது. டைஃபஸுக்கான வெயில்-பெலிக்ஸ் ரத்த டெஸ்டைக் கேட்டு நேரத்தைக் கழிக்க வேண்டாம். எலிக்காய்ச்சலை விவரித்த அதே வெயிலின் பெயரில் உள்ள டெஸ்ட், பல நேரம் தவறவிடும். உண்ணிக் காய்ச்சலுக்கான ஐ.ஜி.எம். எலைசா டெஸ்ட் கிடைத்தால் ரத்தம் எடுத்து அனுப்பிவிட்டு, முடிவுக்குக் காத்திருக்காமல் டாக்சிசைக்ளின் 100 மி.கி. காலை, இரவு என்று ஆரம்பியுங்கள்.

அப்புறம் ஒன்று கேளுங்கள். காய்ச்சலுக்கு முந்தின இரண்டு வாரத்தில் என்ன வேலை செய்தார்? "விவசாயக் கூலி" என்று எழுதினால் போதாது. நாற்றுப் பறித்தாரா, வரப்பு வெட்டினாரா, மாட்டுக்குப் புல் அறுத்தாரா, கருவைக் காட்டில் விறகு வெட்டினாரா?

அக்டோபர் 9, இரவு 10.05

வெளிச்சத்தைச் சொல்ல மறந்துவிட்டேன். டியூப் லைட் போதாது, டார்ச் அடித்துப் பாருங்கள். அக்குளிலும் தொடையிடுக்கிலும் ஈரமாக இருப்பதால் பொருக்கு கறுப்பாகக் கட்டாது. மஞ்சள் படிந்த ஆழமில்லாத சிறு புண்ணாக இருக்கும். கறுப்பை மட்டும் தேடினால் கண்ணெதிரே இருந்தும் தெரியாது.

மூச்சு வேகமாக வாங்குகிறாரா, பிரஷர் எவ்வளவு, குழப்பமாகப் பேசுகிறாரா, சிறுநீர் போகிறதா என்று முதலில் பார்த்துவிடுங்கள். இதில் எது இருந்தாலும் கிளினிக்கில் வைத்துக்கொள்ள வேண்டாம், உடனே தஞ்சாவூர் மருத்துவக் கல்லூரிக்கு அனுப்புங்கள்.

அக்டோபர் 10, மதியம்

நேற்று இரவு நான் எழுதியதில் ஒன்று தவறு. திருத்திய நண்பர் சொன்னது சரி. டைபாய்டாகவே இருந்தாலும் செஃப்ட்ரையாக்சோன் போட்ட பிறகு காய்ச்சல் இறங்க நாலைந்து நாள் ஆகும். மூன்றாம் நாள் இறங்கவில்லை என்பதால் டைபாய்டு இல்லை என்று நான் எழுதியிருக்கக் கூடாது. அவசரத்தில் எழுதிவிட்டேன். ஆனால் டாக்சிசைக்ளின் கொடுத்த பிறகு உண்ணிக் காய்ச்சல் 48 மணி நேரத்துக்குள் இறங்கிவிடும், பல பேருக்கு ஒரே நாளில். அதுதான் நமக்குக் கிடைக்கும் துப்பு. 48 மணி தாண்டியும் காய்கிறது என்றால் நம் முடிவைத்தான் முதலில் சந்தேகப்பட வேண்டும்.

அக்டோபர் 11, இரவு 11

"உடம்பைப் பார்" என்று ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன் என்று ஒருவர் கேட்டிருக்கிறார்.

நீடாமங்கலம் பக்கம் நான் கிளினிக் வைத்து 22 வருடம். பதினோரு வருடத்துக்கு முன்னால், கார்த்திகை மாதம். எங்கள் தெருவுக்குப் பின்தெருவில் இருந்த அம்மா, நாற்பத்தைந்து வயது இருக்கும். என்னைச் சிறுவயதில் இருந்தே தெரியும், டாக்டரான பிறகும் "பாப்பா" என்றுதான் கூப்பிடுவார். பகலில் களையெடுப்பு, சாயங்காலம் வடிகால் கரையில் மாட்டுக்குப் புல் அறுப்பது. காய்ச்சல் என்று வந்தார். தொண்டை பார்த்தேன், நெஞ்சில் ஸ்டெத் வைத்தேன், வயிற்றைப் புடவைக்கு மேலேயே அமுக்கினேன். வைடால் பாசிட்டிவ். நாலு நாள் ஊசி, இரண்டு நாள் குளுக்கோஸ் பாட்டில். ஐந்தாம் நாள் ராத்திரி அவர் மகன் வந்து கதவைத் தட்டினான். போய்ப் பார்த்தால் மூச்சு நிமிடத்துக்கு நாற்பது. பிரஷர் 80. 108-ஐக் கூப்பிட்டு மருத்துவக் கல்லூரிக்கு அனுப்பினேன்.

அங்கே வார்டில் இருந்த பயிற்சி மருத்துவப் பிள்ளை ஒருத்தி, இரவு பதினொன்றரை மணிக்கு, திரையை இழுத்துவிட்டு, இடது மார்பைத் தூக்கிப் பார்த்திருக்கிறாள். மடிப்புக்குள் இருந்திருக்கிறது. டாக்சிசைக்ளின் ஆரம்பித்து, ஆறு நாள் மூச்சுக் கருவியில் வைத்து, காப்பாற்றி அனுப்பினார்கள். காது மட்டும் கொஞ்ச நாள் மந்தமாக இருந்தது. இந்தக் காய்ச்சலில் அதுவும் வரும் என்று எனக்கு அப்போதுதான் தெரியும்.

ஒரு மாதம் கழித்து வாழைத்தாரோடு வந்தார். முந்தானையை விலக்கிக் காட்டினார். பட்டாணி அளவுக்கு ஒரு தழும்பு, நடுவில் வெளுத்து, ஓரம் கறுத்து. "மாருக்குக் கீழே ஏதோ பொக்குன்னு இருந்துச்சு பாப்பா. நீ கேக்கல, நான் சொல்லல."

அந்த வாழைத்தாரை வாங்கி வைத்துக்கொள்ள என்னால் முடியவில்லை. சிஸ்டரிடம் கொடுத்து வரிசையில் இருந்தவர்களுக்குப் பிரித்துக் கொடுக்கச் சொன்னேன்.

அக்டோபர் 12

கேள்வி கேட்ட தம்பி எனக்கு எழுதியிருக்கிறார். 10-ஆம் தேதி ஆளை வரவழைத்துப் பார்த்ததில் எதுவும் கிடைக்கவில்லையாம். மூச்சு, பிரஷர் நன்றாக இருந்ததால் டாக்சிசைக்ளின் கொடுத்து, ரத்தம் அனுப்பிவிட்டு, வீட்டுக்கு அனுப்பியிருக்கிறார். மறுநாள் காலை நோயாளியின் மனைவி வெந்நீர் வைத்துத் துடைத்துவிடும்போது அரைஞாண் கயிற்றுக்கு அடியில், முதுகுப் பக்கம், கறுப்பாக ஒன்றைப் பார்த்துவிட்டுப் போன் செய்திருக்கிறார். காய்ச்சல் இன்று காலை 99.

அரைஞாண் கயிறு! இதை எந்தப் பாடப்புத்தகமும் நமக்குச் சொல்லித்தரவில்லை. ஆனால் காரணம் புரிகிறது. கடிப்பது ஒரு சிற்றுண்ணியின் குஞ்சு, கண்ணுக்குத் தெரிவதே கஷ்டம். புல்லில் இருந்து காலில் ஏறி, துணி இறுக்கமாக இருக்கும் இடம் வரை போய் அங்கே தங்கிக் கடிக்கும். பாவாடை நாடா, ஜட்டியின் எலாஸ்டிக், பிராவின் பட்டை, கோவண முடிச்சு, அரைஞாண். இனிமேல் கயிற்றை நகர்த்திப் பார்ப்போம். 22 வருடத்தில் நான் ஒருமுறைகூட நகர்த்திப் பார்த்ததில்லை.

அக்டோபர் 13

பெண் நோயாளிகளை எப்படிப் பார்ப்பது என்று இரண்டு ஆண் மருத்துவர்கள் கேட்டிருக்கிறார்கள். நியாயமான கேள்வி. சிஸ்டரோ, வீட்டுப் பெண்ணோ பக்கத்தில் இல்லாமல் பார்க்க வேண்டாம். சிஸ்டருக்கே சொல்லிக்கொடுத்துவிடலாம், எங்கள் சிஸ்டர் இப்போது என்னைவிட வேகமாகக் கண்டுபிடிக்கிறார். கேட்கும் விதமும் முக்கியம். "உடம்பில் புண் இருக்கா" என்றால் எல்லாரும் இல்லை என்பார்கள், ஏனென்றால் அது வலிக்காது. "எங்காவது பொக்கு, சூடுபட்ட மாதிரி, கறுப்பா மரு மாதிரி, நீங்களே பார்க்க முடியாத இடத்தில் இருக்கலாம், நான் தேடிப் பார்க்கிறேன்" என்று சொன்னால் மறுப்பவர் குறைவு.

போன வருடம் எழுபது வயதுத் தாத்தா ஒருவர், கோவணத்தை அவிழ்க்கச் சொன்னதும் ஒரு நிமிடம் யோசித்துவிட்டுச் சொன்னார்: "பொண்ணு பாக்க வந்தப்பகூட என்னைய யாரும் இவ்வளவு பாக்கலை டாக்டரம்மா." சிஸ்டர் சிரித்துச் சிரித்து டார்ச்சைக் கீழே போட்டுவிட்டார். அவருக்குப் பொருக்கு இல்லை, காய்ச்சல் எலிக்காய்ச்சல். அதைப் பற்றிப் பிறகு எழுதுகிறேன்.

அக்டோபர் 14

முதல் நாள் குறிப்பில் இன்னொரு பிழை. எலிக்காய்ச்சலை விவரித்த வெயிலும், வெயில்-பெலிக்ஸ் டெஸ்ட் வெயிலும் ஒரே ஆள் என்று எழுதியிருந்தேன். இல்லை. மஞ்சள் காமாலையோடும் சிறுநீரகக் கோளாறோடும் வரும் எலிக்காய்ச்சலை 1886-இல் விவரித்தவர் அடால்ஃப் வெயில், ஜெர்மானியர். டைஃபஸுக்கான டெஸ்ட் 1916-இல் எட்மண்ட் வெயிலும் ஆர்தர் பெலிக்ஸும் கண்டது. பெயர்ப் பிழை என்று விடக்கூடாது. ஒரு லேபில் எலிக்காய்ச்சல் டெஸ்ட் கேட்டு எழுதியதற்கு வெயில்-பெலிக்ஸ் ஓட்டி "நெகட்டிவ்" என்று கொடுத்ததை நானே கையில் வாங்கியிருக்கிறேன். சீட்டில் "வெயில்" என்று எழுதாமல் நோயின் பெயரை முழுதாக எழுதுங்கள்.

அக்டோபர் 15

"உண்ணிக் காய்ச்சல்" என்ற பெயரே குழப்புகிறது என்று ஒருவர் சொல்வதை முழுமனதாக ஏற்கிறேன். பெயரைக் கேட்டதும் ஜனங்கள் மாட்டு உண்ணியையும் நாயையும் பார்க்கிறார்கள். மாட்டை விற்றுவிட்டு வந்த ஒரு குடும்பம் எனக்குத் தெரியும். மாட்டுக்கும் இதற்கும் சம்பந்தமில்லை, புதருக்கும் புல்லுக்கும் எலிக்கும்தான். நான் இப்போது "புல்லுப்பூச்சிக் காய்ச்சல்" என்று சொல்லிப் பார்க்கிறேன். சட்டென்று புரிகிறது.

அக்டோபர் 18

எலிக்காய்ச்சல். அந்தக் கோவணத் தாத்தாவின் கதை.

கிட்டி வைத்து எலி பிடிப்பவர் அவர். மூங்கிலை வளைத்துச் செய்யும் நம் தஞ்சாவூர்க் கிட்டி. நடவு முடிந்த வயலில் சாயங்காலம் வைத்து, விடியற்காலையில் எடுப்பது. காலில் எப்போதும் சேற்றுப்புண். வயல் தண்ணீரில் எலியின் சிறுநீர், புண் வழியாகக் கிருமி. கேட்க வேண்டிய எல்லாக் கேள்விக்கும் பதில் அவர் தொழிலிலேயே இருந்தது.

அவர் உள்ளே வந்தபோது நடந்த விதமே வேறு. முட்டியை மடக்காமல், குதிகாலை ஊன்றாமல் வந்தார். கெண்டைக்காலைப் பிடித்து லேசாக அமுக்கியதும் காலை இழுத்துக்கொண்டார். கண் இரண்டும் செக்கச்செவேல், ஆனால் பூளையோ நீரோ இல்லை. கண்நோய் என்றால் பூளை கட்டும், இதில் கட்டாது. மூன்றாம் நாள் கண்ணில் மஞ்சள் தட்டியது. ரத்தத்தில் பிலிருபின் (காமாலையின் மஞ்சள் நிறமி) நன்றாக ஏறியிருந்தது, ஈரல் என்சைம்கள் அந்த அளவுக்கு ஏறவில்லை. வைரஸ் காமாலையில் என்சைம்கள்தான் ஆயிரக்கணக்கில் ஏறும். இந்த வித்தியாசம் ஒன்றைத் தெரிந்து வைத்துக்கொண்டால், கீழாநெல்லிக்கு ஓடும் பல பேரை நேரத்தில் நிறுத்தலாம்.

சிறுநீர் குறைந்திருந்ததால் திருவாரூர் மருத்துவக் கல்லூரிக்கு அனுப்பினேன். இரண்டு வாரத்தில் திரும்பி வந்தார். இலேசான எலிக்காய்ச்சலுக்கு டாக்சிசைக்ளின் ஏழு நாள் போதும், கடுமையானதுக்கு பென்சிலின் அல்லது செஃப்ட்ரையாக்சோன் நரம்பில். பாருங்கள், உண்ணிக் காய்ச்சலுக்குக் கேட்காத செஃப்ட்ரையாக்சோன் இதற்குக் கேட்கும். டாக்சிசைக்ளின் இரண்டுக்கும் கேட்கும்.

அக்டோபர் 18, கொஞ்ச நேரம் கழித்து

டாக்சிசைக்ளின் கொடுக்கும்போது: சாப்பிட்டபின், ஒரு சொம்புத் தண்ணீரோடு, விழுங்கியபின் அரை மணி நேரம் படுக்கக் கூடாது. இதைச் சொல்லாமல் அனுப்பிய ஒரு பெண் மாத்திரை உணவுக்குழாயில் ஒட்டிப் புண்ணாகி, மூன்று நாள் எச்சில்கூட விழுங்க முடியாமல் வந்தாள். பாலோடும் இரும்பு மாத்திரையோடும் சேர்த்துக் கொடுக்கக் கூடாது. கர்ப்பிணிக்கு உண்ணிக் காய்ச்சல் என்றால் அசித்ரோமைசின் 500 மி.கி. தினம் ஒன்று, ஐந்து நாள். வயலில் வேலை செய்யும் பெண்ணிடம் கடைசி மாதவிலக்கு எப்போது என்று கேட்காமல் இந்த மருந்தை எழுதாதீர்கள்.

அக்டோபர் 21

"மழைக்காலத்தில் வரும் எல்லாக் காய்ச்சலுக்கும் டாக்சிசைக்ளின் கொடுத்துவிட்டால் என்ன?" மன்னார்குடி நண்பரின் கேள்வி. இரண்டு நாளாக யோசிக்கிறேன்.

முதலில் சரி என்றுதான் தோன்றியது. மாத்திரை மலிவு, இரண்டு நோய்க்குக் கேட்கிறது, தாமதமானால் உயிர் போகிறது. ஐந்து நாள் தாண்டிய காய்ச்சல், வயல் அல்லது புதர் வேலை, வேறு காரணம் தெரியவில்லை, டெஸ்ட் முடிவு வர இரண்டு நாள் ஆகும் என்றால் நான் கொடுத்துவிடுகிறேன். அதில் எனக்குத் தயக்கமில்லை.

இரண்டாம் நாள் காய்ச்சலுக்குக் கொடுப்பதில்தான் எனக்கு உடன்பாடு இல்லை. டெங்கு நோயாளிக்கு அதைக் கொடுத்தால் காய்ச்சல் அது பாட்டுக்கு நாலாம் ஐந்தாம் நாள் விடும், மருந்து கேட்டுவிட்டது என்று நாமும் அவரும் நினைப்போம். டெங்குவில் ஆபத்து காய்ச்சல் விட்ட அந்த ஒன்றிரண்டு நாளில்தான். வயிற்றுவலி, நிற்காத வாந்தி, ஈறில் ரத்தம், கை கால் சில்லிட்டு அசந்து போவது. "காய்ச்சல் விட்டுடுச்சு, பிள்ளை தூங்குது" என்று ஒரு தாய் சொன்னால் நான் இப்போதெல்லாம் உடனே கூட்டிவரச் சொல்கிறேன். தட்டணு எண்ணை மட்டும் பார்த்துக்கொண்டிருக்காமல் ரத்தம் கெட்டிப்படுவதைக் காட்டும் ஹெமட்டோகிரிட் ஏறுகிறதா என்று பாருங்கள். டைக்ளோஃபெனாக் ஊசி மட்டும் யார் கெஞ்சினாலும் போடாதீர்கள். பாராசிட்டமால் போதும்.

ஆக, எல்லாருக்கும் கொடுக்க வேண்டாம். யாருக்குக் கொடுத்தாலும் 48 மணி நேரத்தில் திரும்ப வரச்சொல்லி, அந்தத் தேதியைச் சீட்டில் எழுதிக் கொடுங்கள்.

அக்டோபர் 22

ஒரு வரி. கடும் நிலையில் இருக்கும் உண்ணிக் காய்ச்சலுக்கு டாக்சிசைக்ளின், அசித்ரோமைசின் இரண்டையும் சேர்த்து நரம்பில் கொடுப்பது தனித்தனியாகக் கொடுப்பதைவிட நல்லது என்று வேலூர் சி.எம்.சி. மருத்துவர்கள் முன்னின்று பல ஊர் மருத்துவமனைகளில் நடத்திய ஆய்வு 2023-இல் வெளியானது. அது பெரிய ஆஸ்பத்திரிக்கான விஷயம். கிளினிக்கில் நம் வேலை, அந்த நிலைக்குப் போகும் முன் கண்டுபிடிப்பது.

அக்டோபர் 27

காய்ச்சலை விட்டு விலகுகிறேன், ஆனால் கேட்டவர் பாபநாசம் பக்கம் இருப்பவர், அவசியமான விஷயம். விடியற்காலை நாலு மணிக்கு வயிற்றுவலி என்று வரும் ஆரோக்கியமான ஆள், தரையில் பாய் போட்டுப் படுத்தவர், வாந்தி, தொண்டையில் ஏதோ அடைக்கிற மாதிரி. அல்சர் ஊசி போட்டு அனுப்பும் முன் கண்ணிமையைப் பாருங்கள். மேலே பார்க்கச் சொல்லுங்கள். இமை தொங்கினால் கட்டுவிரியன். கடிவாய் தெரியாது, வீக்கம் இருக்காது, தூக்கத்தில் கடித்தது அவருக்கே தெரியாது. அடுத்து மூச்சுத்தான் நிற்கும். விஷமுறிவு மருந்தும் மூச்சுக் கருவியும் இருக்கும் இடத்துக்கு அந்த நிமிடமே அனுப்ப வேண்டும். மழை பெய்து வளையெல்லாம் தண்ணீர் நிற்கும் இந்த மாதத்தில் இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

நவம்பர் 2

48 மணி நேரத்திலும் இறங்காத காய்ச்சல் என்று நான் எழுதியதைப் பிடித்துக்கொண்டு ஒருவர் கேட்டிருக்கிறார்: இறங்காவிட்டால் அடுத்து என்ன?

சர்க்கரை எவ்வளவு என்று பாருங்கள். சொல்லக் காரணம் இருக்கிறது.

ஐம்பத்திரண்டு வயது, சொந்தமாக நாலு மா நிலம், பத்து வருடமாகச் சர்க்கரை, மாத்திரை சாப்பிட்டால் சாப்பிட்டது. மூன்று வாரமாக விட்டுவிட்டுக் காய்ச்சல், பத்து கிலோ இளைத்துவிட்டார், நெஞ்சுப் படத்தில் நிழல். சளியில் காசநோய்க் கிருமி இல்லை. இருந்தும் காசநோய் மருந்து ஆரம்பித்திருந்தார்கள். என்னிடம் வந்தபோது இடது விலாவுக்குக் கீழே தொட்டால் துள்ளினார். ஸ்கேனில் மண்ணீரலில் சின்னச் சின்னச் சீழ்க்கட்டிகள். ஏற்கெனவே எடுத்த ரத்தக் கல்ச்சர் முடிவு அவர் பையிலேயே இருந்தது: "சூடோமோனாஸ் வகை, மாசாக இருக்கலாம்." அதைப் பார்த்துவிட்டு யாரோ ஓரமாக வைத்துவிட்டார்கள்.

மெலியாய்டோசிஸ். நம் வயல் மண்ணிலும் தண்ணீரிலும் இருக்கும் கிருமி. மழைக்காலத்தில், சர்க்கரை உள்ள விவசாயியைத் தேடிப் பிடிக்கும். 1911-இல் ரங்கூனில் விட்மோர் முதலில் கண்டது. லேபில் இருப்பவர் யோசிக்காவிட்டால் சாதாரண சூடோமோனாஸ் என்றே போய்விடும். ஒரு துப்பு இருக்கிறது: ஜென்டாமைசினும் கோலிஸ்டினும் கேட்காது, ஆனால் அமாக்சிசிலின்-கிளாவுலனேட் கேட்கும் என்று முடிவு வந்தால் லேபுக்குப் போன் போடுங்கள். சிகிச்சை செஃப்டாசிடிம் அல்லது மெரோபெனெம் நரம்பில் குறைந்தது பத்துப் பதினாலு நாள், பிறகு கோட்ரைமாக்சசோல் மூன்று மாதம். நடுவில் நிறுத்தினால் திரும்ப வரும். இந்த ஆள் மூன்று மாதமும் சாப்பிட்டார். சாப்பிட வைத்தவர் அவர் அக்கா, காலண்டரில் ஒவ்வொரு நாளும் கோடு போட்டு.

நவம்பர் 5

கேள்வி கேட்ட தம்பி முதல் நாள் சொன்ன அந்தக் கருத்தரங்கு விஷயத்துக்கு வருகிறேன், இவ்வளவு நாள் தள்ளிப்போட்டுவிட்டேன்.

ஐந்து வருடத்துக்கு 30 மணி நேரம் தொடர் கல்வி என்பது 2002-இல் வந்த மருத்துவர் நடத்தை விதிகளிலேயே இருக்கிறது. விதி நல்ல விதி. எனக்கு அதன்மேல் மனக்குறை இல்லை. மனக்குறை, அந்த மணி நேரங்களில் என்ன கேட்கிறோம் என்பதில். நான் உட்கார்ந்த பல கூட்டங்களில் பேசியவர் பெரிய நிபுணர், காட்டிய படங்கள் பெரிய ஆஸ்பத்திரியின் ஏழாம் நாள் நோயாளி. மூச்சுக் குழாயோடு, எல்லா டெஸ்டும் கையில். என்னிடம் வருவது இரண்டாம் நாள் நோயாளி, கையில் மெடிக்கலில் வாங்கிய நாலு மாத்திரையோடு. இரண்டாம் நாளில் இருந்து ஏழாம் நாளுக்கு அவர் எப்படிப் போனார், நடுவில் யார் எதைப் பார்க்கத் தவறினார்கள் என்பதைச் சொல்லும் கூட்டம்தான் எனக்கு வேண்டும். அதைச் சொல்ல நிபுணரால் முடியாது, அவர் அங்கே இல்லை. தவறவிட்ட நாம்தான் சொல்ல வேண்டும்.

அந்த வாழைத்தார் அம்மாவுக்குப் பிறகு ஒரு நோட்டுப் போட்டேன். நான் வேறு ஆஸ்பத்திரிக்கு அனுப்பும் ஒவ்வொருவருக்கும் ஒரு வரி: தேதி, என்ன நினைத்து அனுப்பினேன், போன் நம்பர். பத்து நாள் கழித்து சிஸ்டர் போன் செய்து கேட்பார், கடைசி என்ன நோய் என்று சொன்னார்கள், என்ன மருந்து, இப்போது எப்படி. பதில் பக்கத்துக் கட்டத்தில். டிஸ்சார்ஜ் சீட்டில் "காய்ச்சல், குணமடைந்தார்" என்று மட்டும் எழுதி அனுப்பிவிடுகிறார்கள், அதைப் படித்து ஒன்றும் தெரிந்துகொள்ள முடியாது. நோயாளியே சொல்வார்: "அந்த பாட்டில் தொங்கவிட்டாங்க, ரெண்டு நாள்ல காய்ச்சல் நின்னுடுச்சு, கிட்னிக்கு மூணு தடவை மிஷின்ல போட்டாங்க." அதை வைத்துப் பாதி புரிந்துகொள்ளலாம், மீதிக்கு வார்டுக்குப் போன் செய்யலாம்.

இதுவரை ஒன்பது நோட்டு. ஆரம்ப நோட்டில் இடது கட்டத்தில் "டைபாய்டு" என்று நான் எழுதியதற்கு எதிரே வலது கட்டத்தில் வேறு ஏதாவதுதான் இருக்கிறது, பக்கம் பக்கமாக. இப்போதெல்லாம் வைடால் எழுதுவதையே விட்டுவிட்டேன்.

நவம்பர் 6

நோட்டின் மாதிரிப் பக்கம் கேட்டவர்களுக்கு: பெயரை மறைத்துவிட்டு அனுப்புகிறேன். நீங்களும் நோயாளியிடம் முதலிலேயே "பத்து நாள் கழித்துக் கூப்பிடலாமா" என்று கேட்டுவிடுங்கள். இதுவரை வேண்டாம் என்றவர் யாரும் இல்லை. நாலைந்து பேர் அழுதிருக்கிறார்கள், டாக்டர் வீட்டில் இருந்து கூப்பிட்டு விசாரித்தார்கள் என்று. இறந்துவிட்டார் என்று பதில் வரும் நாளும் உண்டு. அப்போது சிஸ்டரிடம் இருந்து போனை வாங்கி நான் பேசுவேன்.

நவம்பர் 12

தம்பியின் நோயாளிக்கு எலைசா முடிவு வந்துவிட்டது, பாசிட்டிவ். ஆள் வேலைக்குப் போக ஆரம்பித்துவிட்டார். தம்பி இன்னொன்றும் எழுதியிருக்கிறார்: அந்த நோயாளியின் மனைவி, தெருவில் காய்ச்சல் என்று படுத்தவர்களுடைய அரைஞாணை எல்லாம் நகர்த்திப் பார்த்து, ஒன்பது வயதுப் பையன் ஒருவனைக் கையோடு அழைத்து வந்தாராம். பொருக்கு இருந்தது காதின் பின்னால்.

நவம்பர் 19

ஒன்றிரண்டு பேராகச் சொல்லிச் சொல்லி ஒரு முடிவுக்கு வந்துவிட்டோம். டிசம்பர் முதல் ஞாயிறு, மதியம் மூன்று மணி, என் கிளினிக்கில். இதுவரை வருகிறேன் என்றவர்கள் ஏழு பேர், ஒரத்தநாடு தம்பியும் வருகிறார். லேபில் இருந்து ஒருவரை அழைத்திருக்கிறேன், அந்த "மாசாக இருக்கலாம்" கல்ச்சரைப் பற்றி அவர் பக்கத்துக் கஷ்டத்தையும் கேட்போம். எங்கள் சிஸ்டர் எப்படித் தேடுகிறார் என்று காட்டுவார். புள்ளி கிடையாது. ஒவ்வொருவரும் இந்த வருடம் தவறவிட்ட ஒரு நோயாளியைப் பற்றிச் சொல்ல வேண்டும், பெயர் இல்லாமல், முதல் நாளில் இருந்து. பின்தெரு அம்மா எல்லாருக்கும் டீயும் வாழைக்காய் பஜ்ஜியும் போட்டுத் தருகிறேன் என்றிருக்கிறார். மழை இருந்தால் கரண்ட் போகும், டார்ச் எடுத்து வாருங்கள்.